80ஸ் தமிழ் படங்களை ரேங்க் பண்றது எப்படி, அதுக்காக ஒழுங்கா சண்டை போடுறது எப்படி

நாலு பேர் சேந்து உக்காந்தா பேச்சு எப்படியும் சினிமாவுக்கு வந்துடும், சினிமான்னு வந்துட்டா எண்பதுகள் வராம இருக்காது. அதுல யாராவது ஒருத்தர் "சரி, அந்த பத்து வருஷத்துல டாப் 10 சொல்லு பாப்போம்"னு கொளுத்திப் போட்டுட்டா அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. ஒருத்தர் நாயகன்ம்பார், இன்னொருத்தர் முதல் மரியாதைம்பார், மூணாவது ஆள் கரகாட்டக்காரன் ஓடின ஓட்டத்துக்கு முன்னாடி எதுவும் நிக்காதும்பார், கடைசில குரல் பெருசா இருக்கறவர் ஜெயிப்பார். எனக்கு இந்த விளையாட்டு ரொம்ப பிடிக்கும், அதனாலதான் இது இப்படி வீணா போறதைப் பாத்தா மனசு கேக்கல. கொஞ்சம் முறையா பண்ணினா இதைவிட நல்ல பொழுது கிடையாது, போற வழியில பாக்காத படம் நாலு கெடைக்கும்.

முதல்ல எல்லை. இதைப் பேசி முடிக்காம லிஸ்ட்டே ஆரம்பிக்காதீங்க. எண்பதுகள்னா 1980 ஜனவரி 1லேர்ந்து 1989 டிசம்பர் 31 வரைக்கும், தியேட்டர்ல ரிலீஸ் ஆன தேதிதான் கணக்குன்னு வச்சுக்கோங்க. கேக்க சுலபமா இருக்கு, ஆனா இந்த ஒரு விதியிலேயே பாதி பேரோட லிஸ்ட் உடையும். உதிரிப்பூக்கள் 1979, பசியும் 1979, அழியாத கோலங்களும் 1979. முள்ளும் மலரும், அவள் அப்படித்தான் ரெண்டும் 1978. இதெல்லாம் எண்பதுகள்னே நிறைய பேர் மனசுல பதிஞ்சு போயிருக்கு, ஏன்னா மகேந்திரன், பாலு மகேந்திரான்னாலே நமக்கு அந்தக் காலம்தான் ஞாபகம் வருது. அந்தப் பக்கம் பாத்தா மைக்கேல் மதன காம ராஜன் 1990, அஞ்சலி 1990, கேளடி கண்மணி 1990. மைக்கேல் மதன காம ராஜனை வெளிய தள்ளும்போது கூட்டத்துல ஒருத்தராவது எழுந்து நின்னு கத்துவார், பரவாயில்ல, கத்த விடுங்க, ஆனா விதியைத் தளர்த்தாதீங்க. ஒண்ணுக்குத் தளர்த்தினா உதிரிப்பூக்கள் ஆளும் வந்து கேப்பார், அப்புறம் எண்பதுகள் பதிமூணு வருஷமாயிடும்.

வருஷத்துல இன்னொரு சிக்கல் இருக்கு. வீடு படத்துக்கு தேசிய விருது 1987க்கான பட்டியல்ல வந்தது, அர்ச்சனாவுக்கு சிறந்த நடிகை, ஆனா படம் தியேட்டருக்கு வந்தது 1988. பத்து வருஷ லிஸ்ட்டுக்கு இது ஒண்ணும் பண்ணாது, ஆனா வருஷ வாரியா பிரிச்சு ஆடுறவங்க இதுல மாட்டுவீங்க, அதனாலதான் தியேட்டர் தேதின்னு மொதல்லயே சொன்னேன்.

அடுத்தது மொழி. சலங்கை ஒலியை தமிழ்ப் படம்னே நினைச்சு வளந்தவங்க நிறைய பேர். அது தெலுங்குல எடுத்து தமிழ்ல டப் ஆன படம், சிப்பிக்குள் முத்தும் அப்படித்தான், இதயத்தைத் திருடாதேயும் அப்படித்தான். என் கட்சி என்னன்னா டப்பிங் படத்துக்கு தனி லிஸ்ட் போடுங்க, இதுல சேக்காதீங்க, ஏன்னா சேத்தா மூணு இடத்தை அதுவே எடுத்துக்கும், நேரா தமிழ்ல எடுத்த மூணு படம் வெளிய போகும். பேசும் படம் மட்டும் இந்த விதிக்குள்ள அடங்காது. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்துல வந்த அந்தப் படத்துல வசனமே கிடையாது, கன்னடத்துல புஷ்பக விமானம், நமக்கு பேசும் படம். வசனமே இல்லாத படத்தை எந்த மொழின்னு சொல்றது? இதுக்கு மட்டும் ஓட்டு எடுத்துக்கோங்க. நான் சேக்கணும்னுதான் சொல்வேன்.

இப்போ முக்கியமான இடம். "பெஸ்ட்"னு ஒரு சொல்லை வச்சுக்கிட்டு எல்லாரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்றோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது, நல்லா எடுத்த படம் எது, அதுக்கப்புறம் வந்த சினிமாவையே மாத்தின படம் எது, ஜனங்க கொண்டாடி ஓட வச்ச படம் எது, இது நாலும் நாலு கேள்வி. கரகாட்டக்காரன் மதுரையில ஒரு வருஷத்துக்கு மேல ஓடின படம், நாலாவது கேள்விக்கு அதை அசைக்கவே முடியாது. மாத்தின படம்னா ஊமை விழிகள் வந்தே ஆகணும், ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பசங்க சேந்து சினிமாஸ்கோப்ல அவ்ளோ பெருசா ஒரு படம் எடுத்துக் காட்டினாங்க, அதுக்கப்புறம் எத்தனை பேருக்கு அது கதவைத் திறந்து விட்டுச்சு. ஆனா அது எனக்கு ரொம்பப் பிடிச்ச படமான்னு கேட்டா இல்ல. இது முரண்பாடு இல்லீங்க, கேள்வி வேற அவ்ளோதான். அதனால உக்காரும்போதே எந்தக் கேள்வின்னு சொல்லிட்டு உக்காருங்க. முதல் தடவை பண்றவங்களுக்கு "பிடிச்ச படம்"ங்கறதுதான் நல்லது, அதுலதான் யாரும் பொய் சொல்லத் தேவையில்ல.

ஓட்டத்தை வச்சு மட்டும் எடை போட்டா என்ன ஆகும்னு பாக்க 1980 தீபாவளி ஒண்ணே போதும். வறுமையின் நிறம் சிவப்பு, நிழல்கள் ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சு, ரெண்டுமே வேலை கிடைக்காத பசங்க கதை. ஒண்ணு ஓடிச்சு, ஒண்ணு ஓடல. ஓடாத நிழல்கள்ல இருந்துதான் இது ஒரு பொன்மாலைப் பொழுதுன்னு வைரமுத்து உள்ள வந்தார். ஹிட்டு மட்டும்தான் அளவுகோல்னா இந்தப் படத்தைப் பத்தி பேச்சே எடுக்க முடியாது.

சரி, நீள லிஸ்ட் எடுக்கறதுக்கு வருவோம். நடிகரை வச்சு யோசிக்காதீங்க. கமல் படம், ரஜினி படம்னு எழுத ஆரம்பிச்சா முப்பது படத்துல இருபத்தஞ்சு அவங்க ரெண்டு பேரோடதா வந்து நிக்கும், பாக்யராஜும் விசுவும் மோகனும் மணிவண்ணனும் ஓரத்துல நிப்பாங்க. வருஷத்தை வச்சு யோசிங்க. ஒரு பேப்பர்ல 1980லேர்ந்து 89 வரைக்கும் பத்து கட்டம் போட்டு ஒவ்வொண்ணுலயும் குறைஞ்சது நாலு படம் எழுதுங்க. 81னு எழுதி உக்காந்தா தண்ணீர் தண்ணீர், அலைகள் ஓய்வதில்லை, ராஜபார்வை, தில்லு முல்லு, அந்த 7 நாட்கள், இன்று போய் நாளை வா, பாலைவனச் சோலைன்னு வந்துட்டே இருக்கும், ஒரே வருஷத்துல இத்தனையான்னு நமக்கே மலைப்பா இருக்கும், அதுலயும் பாக்யராஜ் அந்த ஒரே வருஷத்துல மௌன கீதங்களையும் குடுத்திருக்கார். அதே மாதிரி 83ல எழுதும்போது முந்தானை முடிச்சு, மண்வாசனையோட நின்னுடாம கண் சிவந்தால் மண் சிவக்கும் வரைக்கும் போங்க, இந்திரா பார்த்தசாரதியோட குருதிப்புனல் நாவல்லேர்ந்து எடுத்த படம், முதல் பட இயக்குநருக்கான தேசிய விருது வாங்கின படம், இன்னைக்கு யாரும் பேரைக்கூட சொல்றதில்ல. 82ல ஏழாவது மனிதன் இருக்கு, ரகுவரன் ஹீரோ, பாட்டெல்லாம் பாரதியார் பாட்டு. இதையெல்லாம் பாக்காதவங்க லிஸ்ட்ல சேக்கணும்னு சொல்லல, பக்கத்துல "பாக்கணும்"னு ஒரு குறி போட்டு வைங்க. இந்த விளையாட்டோட உண்மையான லாபம் அந்தக் குறிகள்தான்.

நீள லிஸ்ட் ஒரு நாப்பது படம் வந்ததும் பாட்டைப் பிரிச்சு எடுக்கணும். எண்பதுகளைப் பேசும்போது இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. இளையராஜா அந்தப் பத்து வருஷத்துல போட்ட பாட்டு நம்ம ரத்தத்துல ஓடுது, ஒலியும் ஒளியும் காலத்துலேர்ந்து இன்னைக்கு பஸ்ல போற பாட்டு வரைக்கும் அதுதான். அதனால உதயகீதம்னு பேரைக் கேட்டதும் மனசுக்குள்ள பாட்டு ஓட ஆரம்பிச்சுடும், அந்த சுகத்தையே படத்தோட மார்க்கா போட்டுடுவோம். இதயக்கோவில் பாட்டு எவ்ளோ உசத்தி, ஆனா படத்தை உக்காந்து பாத்தா மணிரத்னத்தோட நல்ல படம்னு மனசார சொல்ல முடியுமா? ஒரு சின்ன சோதனை இருக்கு. அந்தப் படத்துல பாட்டு இல்லாத மூணு சீனை விவரமா சொல்ல முடியுதான்னு உங்களையே கேளுங்க. யார் இருந்தாங்க, எங்க நின்னாங்க, என்ன பேசினாங்க. மூணு சீன் கூட வரலன்னா உங்களுக்குப் பிடிச்சது பாட்டு, படம் இல்ல.

இதுக்கு விதிவிலக்கும் உண்டு. சிந்து பைரவியில பாட்டைப் பிரிச்சா படமே இல்ல, ஏன்னா அங்க பாட்டுதான் கதை. மேடையில கச்சேரி நடக்குற நேரத்துல சுஹாசினி எழுந்து தமிழ்ல பாடச் சொல்லிக் கேக்குறது, அப்புறம் அந்தப் பொண்ணே பாடறியேன் படிப்பறியேன்னு நாட்டுப்புற மெட்டுல ஆரம்பிச்சு அப்படியே தியாகராஜரோட மரி மரி நின்னேக்குள்ள கொண்டு போய் சேக்குறது, பாடகர் ஜேகேபியா வர்ற சிவகுமார் முகம் மாறுறது. அந்தக் கீர்த்தனையை வழக்கமான ராகத்துல வைக்காம சாரமதில வச்சார் ராஜா, அதனாலதான் நாட்டுப்பாட்டும் கீர்த்தனையும் தையல் தெரியாம ஒண்ணா ஓடுது. ஒரு வாதத்தை பாட்டாலயே ஜெயிக்கிற சீன் அது. அதுக்குப் பாட்டு மார்க்கும் படத்து மார்க்கும் ஒண்ணுதான்.

அப்புறம் மறுபடி பாக்கணும். நாப்பதையும் பாக்க யாருக்கும் நேரம் இருக்காது, ஆனா டாப் 10க்குள்ள வரும்னு நீங்க நினைக்கிற பதினஞ்சு படத்தையாவது முழுசா பாருங்க. நாம நிறைய படத்தை டிவில பாதிலேர்ந்து பாத்திருக்கோம், வெட்டினதைப் பாத்திருக்கோம், காமெடி சீனை மட்டும் நூறு தடவை பாத்திருக்கோம், அதெல்லாம் சேந்து படம் பாத்த மாதிரி ஒரு நினைப்பு.

மௌன ராகத்தை எடுத்துக்கோங்க. ஞாபகத்துல அது கார்த்திக் படம். "மிஸ்டர் சந்திரமௌலி"ன்னு ஹோட்டல்ல நின்னு கூப்பிடுறதுதான் உடனே வரும். படத்தைப் போட்டுப் பாருங்க, கார்த்திக் வர்றது நடுவுல ஒரு ஃப்ளாஷ்பேக்கு மட்டும்தான். மிச்சம் முழுக்க டெல்லி வீட்டுக்குள்ள ரெண்டு பேர், பேசிக்காம. கல்யாணம் ஆகி வந்த புதுசுல மோகன் உனக்கு என்ன வேணும்னு கேக்குறார், ரேவதி விவாகரத்து வேணும்னு சொல்றாங்க. நீங்க தொட்டா கம்பளிப்பூச்சி ஊர்ற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. அந்த எடத்துல மோகன் முகத்தைப் பாருங்க. கத்தல, கண்ணு கலங்கல, வாங்கிக்கிட்டு நிக்கிறார். கார்த்திக் வந்து போன துள்ளல் எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த ரெண்டு மணி நேரப் படத்தைத் தாங்குறது ரேவதியும் மோகனும்தான், அதுவும் மோகன் பண்ணியிருக்குறதுக்கு யாரும் சரியா பேரு குடுக்கலன்னு எனக்கு நெடுநாள் ஆதங்கம். இது மறுபடி பாக்கலன்னா தெரியாது.

ரேங்க் பண்றதுக்கு ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் நேரா எழுத உக்காந்தா தலை சுத்தும். ரெண்டு ரெண்டா மோத விடுங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான், இன்னைக்கு ராத்திரி ஒரு படம்தான் பாக்கலாம்னா இதுல எது? யோசிக்காம சொல்லணும். ஜெயிச்சது மேல போகும், தோத்தது கீழ. ஜானி, முரட்டுக்காளை, பில்லா மூணும் 1980தான், ரஜினிக்கு அது என்ன வருஷம்! பில்லாவும் முரட்டுக்காளையும் மோதினா எனக்கு முரட்டுக்காளை, அந்த ரயில் சண்டைக்காகவும் ஜெய்சங்கரை வில்லனா கொண்டு வந்து நிறுத்தினதுக்காகவும். முரட்டுக்காளையும் ஜானியும் மோதினா ஒரு நொடி கூட ஆகாது, ஜானி. இப்படி முப்பது நாப்பது மோதல் விட்டா லிஸ்ட் தானா அடுக்கிக்கும், நீங்க நினைச்ச மாதிரி வராது, வந்தது உண்மையா இருக்கும்.

ஒரு காமெடிப் படத்தையும் ஒரு சோகப் படத்தையும் எப்படி மோத விடுறதுன்னு கேப்பாங்க. தில்லு முல்லையும் தண்ணீர் தண்ணீரையும் எப்படி ஒப்பிடுறது, ரெண்டும் ஒரே வருஷம், ரெண்டும் பாலசந்தர். முடியும். ஒவ்வொரு படமும் தான் எடுத்துக்கிட்ட வேலையை எவ்ளோ தூரம் முடிச்சுதுன்னு பாருங்க. தில்லு முல்லுல அந்த இன்டர்வியூ சீன், தேங்காய் சீனிவாசன் முன்னாடி அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன்னு மூச்சு விடாம பேரைச் சொல்றது, அந்த ஒரு பொய்யை வச்சுக்கிட்டு படம் கடைசி வரைக்கும் எங்கயும் தொய்யாம ஓடுது. தண்ணீர் தண்ணீர்ல அத்திப்பட்டு கிராமத்துல குடிக்கத் தண்ணி இல்லாத ஜனங்க சர்க்காரை நம்பி, ஏமாந்து, தாங்களே கால்வா வெட்டப் போய், அதையும் தடுக்குறாங்க, அந்தக் கோவம் படம் முடிஞ்சும் நம்மள விட்டுப் போகல. ரெண்டுமே எடுத்த காரியத்தை முடிச்ச படம். எனக்கு தண்ணீர் தண்ணீர் மேல நிக்குது, ஆனா காமெடிங்கறதுக்காக கீழ போடல. நம்ம லிஸ்ட்ல சிரிக்க வச்ச படத்துக்கு எப்பவும் அநியாயம் நடக்குது, அதை நீங்களாவது பண்ணாதீங்க.

இனிமேதான் சண்டை. இதுக்கு எனக்குத் தெரிஞ்சு ஒரே விதி போதும், பேரைச் சொல்லி வாதாடாதீங்க, சீனைச் சொல்லி வாதாடுங்க. "கிளாசிக்", "மாஸ்டர்பீஸ்", "ஓவர்ரேட்டட்"னு சொல்றவங்களை அங்கேயே நிறுத்தி எந்த சீன்னு கேளுங்க. எங்க சித்தப்பா தீவிர ரஜினி ரசிகர், அவர்கிட்ட ஜானி பத்திப் பேச்சு இப்படித்தான் போச்சு.

"என்னடா ஜானி ஜானிங்கற, அதுல சண்டையே சரியா இல்ல."

"சித்தப்பா, ஸ்ரீதேவி தன்னைக் கட்டிக்கச் சொல்லிக் கேக்குற சீன் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இவரு தயங்குவாரு. அந்தப் பொண்ணு தப்பா நினைச்சுக்கும்."

"அப்போ ரஜினி என்ன பண்ணுவார்?"

கொஞ்ச நேரம் யோசிச்சார். "பதறிடுவாரு. அந்தப் பொண்ணு மனசு நொந்துடுச்சேன்னு பதறிடுவாரு. அந்த மாதிரி அவரு வேற படத்துல பண்ணல, ஆமா."

இவ்ளோதான் வேணும். அவர் கட்சி மாறணும்னு இல்ல, இன்னைக்கும் அவருக்கு முரட்டுக்காளைதான் ஒண்ணாம் நம்பர், ஆனா அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே படத்தைப் பத்திப் பேசினோம்.

விருதைத் தூக்கிட்டு வர்றவங்க வருவாங்க. விருது ஒரு சாட்சி, அவ்ளோதான், தீர்ப்பு இல்ல. மூன்றாம் பிறைக்கும் நாயகனுக்கும் கமல் சிறந்த நடிகர் வாங்கினார், நியாயம். முதல் மரியாதை தமிழ்ல சிறந்த படம்னு தேசிய விருது வாங்கிச்சு, ஆனா சிவாஜிக்கு அதுல நடிகர் விருது வரல. அந்தப் படத்துல அவர் பண்ணினதைப் பாத்துட்டு விருதுதான் முடிவுன்னு யாராவது சொல்ல முடியுமா? ராதா சவால் விட்டதும், ஆள் இல்லாத நேரத்துல அந்த இளவட்டக் கல்லைத் தூக்கிப் பாக்குற சீன். மூச்சு வாங்குது, முட்டி நடுங்குது, தூக்கிட்டதும் சுத்திமுத்தி யாரும் பாத்துட்டாங்களான்னு சின்னப் பையன் மாதிரி ஒரு பார்வை. எவ்ளோ பெரிய குரலுக்குச் சொந்தக்காரர், இங்க மூச்சை வச்சே நடிச்சிருக்கார். அதே படத்துல ராதாவுக்குக் குரல் குடுத்தது ராதிகா, அதுவும் படத்துக்கு எவ்ளோ பெரிய பலம்னு கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்க.

ரீமேக்னா மார்க்கைக் குறைக்கணும்னு ஒரு கட்சி இருக்கு. தில்லு முல்லு இந்திலேர்ந்து வந்தது, பில்லாவும், சத்யாவும் அப்படித்தான், வருஷம் 16 ஃபாசில் மலையாளத்துல தானே எடுத்ததை இங்க திரும்ப எடுத்தது. மூலத்தைப் பாத்துட்டு இங்க என்ன புதுசா சேந்துச்சுன்னு பாருங்க. சேந்திருந்தா முழு மார்க். விசுவோட வசனமும் தேங்காய் சீனிவாசனோட நடிப்பும் சேந்ததும் தில்லு முல்லு நம்ம வீட்டுப் படமாயிடுச்சு.

இன்னும் ஒரு விஷயம், இதை மழுப்பாம பேசணும். அந்தக் காலப் படத்துல இன்னைக்குப் பாக்க முடியாத இடங்கள் நிறைய இருக்கு. புதிய பாதையில தன்னைக் கெடுத்தவனையே தேடி வந்து ஒரு பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிறா, சகலகலா வல்லவன்ல தங்கச்சியைக் கெடுத்தவனுக்கே அவளைக் கட்டி வைக்கத்தான் ஹீரோ அவ்ளோ பாடு படுறார். "அந்தக் காலம் அப்படி"ன்னு சொல்லிட்டுப் போறது எனக்கு ஒப்புதல் இல்ல, ஏன்னா அதே காலத்துலதான் சிந்து பைரவியும் மௌன ராகமும் வீடும் வந்துச்சு, பொண்ணுங்களை மனுஷியா பாக்கத் தெரிஞ்சவங்க அன்னைக்கும் இருந்தாங்க. அதுக்காக புதிய பாதையில பார்த்திபன் எழுத்துல இருக்குற கூர்மையும் மனோரமா நடிப்பும் இல்லன்னு ஆயிடாது. ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க. இது நல்லா இருக்கு, இது என்னால ஏத்துக்க முடியல, அதனால என் லிஸ்ட்ல இது பதினெட்டாவது. கூட்டத்துல இருக்கற பொண்ணுங்க இந்தப் படத்தைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு மொதல்ல கேளுங்க, பெரும்பாலும் இந்த சண்டைல ஆம்பளைங்க குரல்தான் கேக்குது.

எல்லாரும் லிஸ்ட் குடுத்ததும் கூட்டுக் கணக்கு. முதல் இடத்துக்கு 10 புள்ளி, ரெண்டாவதுக்கு 9, இப்படி பத்தாவதுக்கு 1. கூட்டினா குரூப்போட லிஸ்ட் வந்துடும். ஆனா இந்த முறையில ஒரு குணம் இருக்கு, தெரிஞ்சு வச்சுக்கோங்க. அஞ்சு பேர் ஓட்டு போடுறீங்க, எல்லாருமே முதல் மரியாதையை நாலாவதா போட்டா அதுக்கு 35 புள்ளி. நாயகனை ரெண்டு பேர் முதலாவதா, ஒருத்தர் எட்டாவதா போட்டு மத்த ரெண்டு பேர் சேக்கவே இல்லன்னா 23தான். யாருக்கும் ஒண்ணாம் நம்பரா இல்லாத படம் குரூப்புக்கு ஒண்ணாம் நம்பரா வந்து நிக்கும். இது தப்பில்ல, எல்லாருக்கும் பிடிச்ச படம்னு அர்த்தம், ஆனா சில பேர் உயிரையே வைக்கிற படம் இதுல அடிபடும். அதனால பக்கத்துல எத்தனை பேர் முதலிடம் குடுத்தாங்கன்னு தனியா ஒரு வரிசை எழுதுங்க. ஒரே ஒருத்தர் மட்டும் முதலிடம் குடுத்த படத்தைப் பத்தி அவரை அஞ்சு நிமிஷம் பேச விடணும், யாரும் குறுக்க பேசக்கூடாது. எங்க கூட்டத்துல இப்படித்தான் ஒருத்தர் பாலைவனச் சோலையைப் பத்திப் பேசி மிச்ச பேரை எல்லாம் அந்த வாரமே அதைப் பாக்க வச்சார்.

லிஸ்ட்டை எழுதும்போது தேதி போடுங்க, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரியாவது காரணம் எழுதுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி எடுத்தா அந்த ஒரு வரி இல்லாம எதுக்கு இதை ஆறாவதா போட்டோம்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பிடிச்ச படம்ங்கற கேள்விக்கு என் லிஸ்ட் இப்போதைக்கு இது. முதல் மரியாதை. ரெண்டாவது வீடு, மூணாவது நாயகன். இந்த ரெண்டுக்கும் எனக்குள்ளயே பெரிய சண்டை, மகன் பொணத்தைப் பாத்ததும் கமல் அழுகுறது மாதிரி ஒரு அழுகை தமிழ் சினிமாவுல அதுக்கு முன்னாடி கேட்டதில்ல, ஆனா பாதி கட்டின வீட்டுக்கு சொக்கலிங்க பாகவதர் தனியா வந்து சுவத்தைத் தடவிப் பாக்குறப்போ எனக்கு மூச்சு நிக்குது, சிமெண்ட் திருட்டைத் தட்டிக் கேக்குற சித்தாள் மங்கம்மாவா பசி சத்யா வேற, அதனால வீடு ஒரு படி மேல. நாலு ஜானி, அஞ்சு மௌன ராகம், ஆறு சிந்து பைரவி, ஏழு தண்ணீர் தண்ணீர். எட்டாவது ஆண் பாவம், மாப்பிள்ளை வீடு மாறிப் போய் வேற பொண்ணைப் பாத்துட்டு வர்றதுலேர்ந்து வி.கே. ராமசாமி, கொல்லங்குடி கருப்பாயி வரைக்கும் அந்த ஊரே வந்து நடிச்ச மாதிரி இருக்கும். ஒன்பது அபூர்வ சகோதரர்கள், பத்து தில்லு முல்லு.

மூன்றாம் பிறை இதுல இல்லன்னு கேப்பீங்க. கேத்தி ஸ்டேஷன்ல கமல் தலையில சட்டியை வச்சுக்கிட்டு குரங்கு மாதிரி ஆடுற அந்தக் கடைசிக் காட்சி மட்டும்னா முதல் மூணுக்குள்ள வந்திருக்கும், கண்ணே கலைமானே கண்ணதாசனோட கடைசிப் பாட்டு வேற. ஆனா ஹெட்மாஸ்டர் பொண்டாட்டி கதையை நடுவுல செருகினது ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் என்னைப் படத்தை விட்டு வெளிய தள்ளுது, அதனால பதினொண்ணு. அந்தப் பகுதி படத்துக்குத் தேவைதான்னு நினைக்கிறவங்க எந்த சீன், ஏன்னு சொல்லுங்க, கேக்குறேன்.